நான் பேசமாட்டன்

2025 மே 11, ஞாயிறு

தோற்றோம். 20–13. தர்சிகன் மூன்று பந்துகளை எதிரணியின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தான். மூன்றும் தூரப் பந்து, மூன்றும் வலது ஓரம். மழையில் லேப்டாப்புக்குக் குடை பிடித்துக்கொண்டு கணக்கைத் தட்டினேன். லேப்டாப் நனையவில்லை.

மாலையில் அம்மா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று ஒரு மாதமாகக் கேட்கிறாள். இன்றுதான் சொன்னேன். குரோய்டன் பக்கம் ஹெரன்ஸ் என்று ஓர் அணி இருக்கிறது, அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறார்கள், வீடியோ எடுத்துக் கணக்கு எழுத ஆள் கேட்டு விளம்பரம் போட்டிருந்தார்கள், சம்பளம் கிடையாது என்று.

"கிரிக்கெட் இல்லியா அந்த ஊர்ல?"

"இருக்கு. அதுக்கு ஆள் இருக்கு."

ஆட்டத்தைப் புரியவைக்கப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் என்கிறவன் கைக்கு வரும், எங்கள் அணியில் அது தர்சிகன். நம்ம ஆளுங்க முன்னால் ஓடுவார்கள், அவர்கள் ரிசீவர்கள். அவன் பார்த்து ஒருத்தனுக்கு எறிய வேண்டும். நடுவில் எதிரணிக்காரன் பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். அது எறிந்தவன் கணக்கு.

"எறிஞ்சவன் சரியாத்தான் எறிஞ்சான், பிடிக்க வேண்டியவன் அங்க போய் நிக்கலன்னா?"

"அப்பவும் எறிஞ்சவன் கணக்குதான்."

"இது என்ன கணக்கு" என்றாள் அம்மா. பிறகு, சாப்பிட்டாயா.

மே 13, செவ்வாய்

இன்று அலுவலகத்தில் நான் சொன்ன ஒரே வாக்கியம்: "ஸாரி, மியூட்ல இருந்தேன்." மியூட்டில் இருக்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மே 18, ஞாயிறு

பயிற்சி மட்டும். தர்சிகன் ஸ்ட்ரெதம் ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தான். அவன் லூயிஷாமிலிருந்து வருகிறான், என் தெரு அவனுக்குச் சுற்று வழி. கேட்டால் "வழியிலதானே அண்ணை" என்கிறான். வரைபடத்தில் பார்த்தேன். வழியில் இல்லை.

பின்சீட்டில் யனுஷன். பத்தொன்பது வயது, அணியிலேயே வேகமான ரிசீவர், தர்சிகனின் சித்தி மகன். இருவரும் தங்களுக்குள் ஆங்கிலம், எனக்கு மட்டும் தமிழ். எனக்கு இருபத்தேழுதான், அண்ணை வேண்டாம், கௌசிக் போதும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"நீங்கள் படத்தில கதைக்கிற மாதிரியே கதைக்கிறியள் அண்ணை" என்றான் யனுஷன். "ஒருக்கா வில்லன் மாதிரிக் கதையுங்கோ."

வில்லன் மாதிரி இல்லாமல் என் மாதிரியே சொன்னேன்: "தர்சிகன், தூரப் பந்துல நம்ம லீக்கிலேயே உன் கணக்குதான் மோசம்."

தர்சிகன் சிரித்தான். "மெல்லச் சொல்லுங்கோ, பின்னுக்கு இருக்கிறவன் அழுதிடுவான்."

யனுஷன் சிரிக்கவில்லை. எனக்கு என்ன நகைச்சுவை என்று புரியவில்லை. இறங்கும்போது தர்சிகன் ஒரு பொட்டலம் தந்தான். அவன் அம்மா கட்டிக்கொடுத்த ரோல்ஸ். ரூமில் நின்றுகொண்டே தின்றேன். உட்கார்ந்தால் ரூம் காலியாக இருப்பது தெரியும்.

மே 27, செவ்வாய்

கோச் கத்தரின் கேட்டார்: ரேட்டிங் எப்படிப் போடுகிறாய்? சொன்னேன். எறிந்தது எத்தனை, பிடிபட்டது எத்தனை, எவ்வளவு தூரம், கோல், இன்டர்செப்ஷன். எல்லாம் போட்டுக் கலக்கினால் ஓர் எண். அவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, கேள்வி கேட்கிற விதம் மாறாது. "யாராவது தாக்க வரும்போது, பந்தைத் தரையில் எறிந்து ஆபத்தைத் தவிர்த்தால்?"

"பிடிபடாத பந்து. ரேட்டிங் குறையும்."

"புத்திசாலித்தனத்துக்கு அபராதமா?"

எனக்கும் அது தெரியும். தெரிந்தே எழுதுகிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

தோல்வி. தர்சிகன் இன்னும் இரண்டு இன்டர்செப்ஷன், இரண்டும் யனுஷனை நோக்கி. ஒவ்வொன்றுக்கும் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான் — என் தவறு என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் அவன் பெயருக்கு நேரே எழுதினேன்.

யனுஷன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே போய் ஒதுங்கி உட்கார்ந்தான். தர்சிகன் அவன் பக்கமே போகவில்லை. ஆட்டம் முடிந்து கேட்டேன்.

"யனுஷன்கிட்ட என்ன சொன்னே?"

"ஒண்டும் சொல்லேல்லை." ஷூவின் சேற்றைச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "நான் பேசமாட்டன்."

திரும்பும்போது பின்சீட் காலி. யனுஷனுக்கு ஷிப்டாம், டிராமில் போய்விட்டானாம். ஸ்ட்ரெதம் வரை தர்சிகன் வாயே திறக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. கஷ்டம்தான். ஆனால் ஆட்டத்தில் இது வெறும் குடும்பச் சண்டை அல்ல, பந்து போகிற பாதை அது.

ஜூன் 4, புதன்

கத்தரின் மின்னஞ்சல்: மீதி ஆட்டங்களுக்கு தர்சிகனா, ஜெர்மெயினா? ஜெர்மெயின் மாற்று ஆள். நிதானமானவன், குட்டைப் பந்துகள். உன் கருத்தை ஒரு பக்கத்துக்குள் எழுது.

உட்கார்ந்து முழுக் கணக்கும் போட்டேன். ரேட்டிங்கில் ஜெர்மெயின் மேலே. ஆனால் அவன் ஆடியது இரண்டு ஆட்டத்தின் மிச்சம். எதிரே நின்றவர்கள் ஏற்கெனவே ஜெயித்துக் களைத்தவர்கள். காற்று யார் பக்கம் அடித்தது என்று யாரும் குறிக்கவில்லை. பிழை வரம்பு போட்டுப் பார்த்தால் இருவருடைய எண்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. காசைச் சுண்டிப் பார்த்துவிட்டு அதற்கு ரேட்டிங் என்று பெயர் வைக்கிற வேலை.

அலுவலகத்தில் இதைவிட மோசமான எண்ணை வைத்துக்கொண்டு ஒரு ஊருக்கே இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை ஏற்றுகிறார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். நேர்மையாக எழுதினேன்: எண்களால் இவர்களைப் பிரிக்க முடியாது.

அனுப்பப் போகும்போது, ஒரு பக்கத்தில் ஒன்றுமே சொல்லாத மாதிரி இருந்தது. எண்கள் பார்க்காததை மனிதன் பார்க்க வேண்டாமா? கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'தர்சிகனும் அவனுடைய முக்கிய ரிசீவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அவன் வாயாலேயே கேட்டேன்.'

இந்த வரிதான் அறிக்கையிலேயே நல்ல வரி. படித்துப் பார்த்தபோது பெருமையாக இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

பயிற்சிக்கு முன்னால் கத்தரின் அறிவித்தார். இனி ஜெர்மெயின். தர்சிகன் போய் முதல் ஆளாக ஜெர்மெயினுக்குக் கை கொடுத்தான். நல்ல பையன். பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணை, ஞாயிறு நான் வரேல்லை. நீங்கள் டிராமில போங்கோ."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல வேண்டும்? இப்போது தோன்றுகிறது, வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

டிராம். ஜன்னல் ஓரம். பக்கத்து இருக்கையில் என் டிரைபாட்.

ஜெர்மெயின் ஒரு பிழையும் செய்யவில்லை. இன்டர்செப்ஷன் பூஜ்யம். இந்த சீசனிலேயே நம் அணியின் மிக உயர்ந்த ரேட்டிங். 10–3 தோல்வி. நான்கு அடி தள்ளி நிற்பவனுக்கே எறிந்து நான்கு அடி முன்னேறினோம், பிறகு பந்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தோம். யனுஷன் ஓரத்தில் ஓடி ஓடித் திரும்பினான், அவன் பக்கம் யாரும் எறியவே இல்லை.

அட்டவணை பச்சையாக இருக்கிறது. ஸ்கோர்போர்டைப் பார்க்காவிட்டால் ஜெயித்தோம் என்றே நினைக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

தர்சிகனுக்கு மெசேஜ் போட்டேன்: எப்படி இருக்கே. இரண்டு நீல டிக். பதில் இல்லை.

ஜூன் 19, வியாழன்

பிறந்தநாள். ஆபீஸ் மென்பொருள் வாழ்த்து அனுப்பியது. கோழிக்கடைக்காரர் "வழக்கமானதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த "வழக்கமானதா" கொஞ்சம் நன்றாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று ஆட்டம் இல்லை. ரூமில் இருந்தால் சுவர்தான். லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போனேன். பக்தி ஒன்றும் இல்லை. அங்கே தமிழ் கேட்கும், சோறு போடுவார்கள்.

அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா, அவருடைய சின்னப் பெண் பாயசத்தைப் பட்டுப் பாவாடையில் கவிழ்த்துவிட்டது. அம்மா திட்ட ஆரம்பித்தார். கண் இல்லையா, கை இல்லையா, இதுக்குத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு வரமாட்டன் எண்டு சொன்னனான் — பெண் கதறி அழுகிறது. பரிமாறிக்கொண்டிருந்த சிவரூபினி என்ற அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"கோயிலுக்குள்ள பிள்ளையைப் பேசாதேங்கோ. பாவம்."

அந்த அம்மா குழந்தையோடு பேசிக்கொண்டா இருந்தார்? திட்டிக்கொண்டல்லவா இருந்தார்.

தட்டோடு அப்படியே நின்றேன்.

"தம்பி, நகருங்கோ."

"அக்கா, பேசுறதுன்னா?"

"என்ன பேசுறதுன்னா?"

"இப்ப நீங்க சொன்னீங்களே. பேசாதேங்கோன்னு. அப்படின்னா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேசுறது எண்டா பேசுறதுதான். ஏசுறது." பிறகு இரக்கத்தோடு: "இந்தியாவோ? நீங்கள் பேசுறது எண்டுறதைத்தான் நாங்கள் கதைக்கிறது எண்டுறது. சாம்பார் விடவோ?"

நான் பேசமாட்டன்.

நான் திட்ட மாட்டேன்.

வரிசையை விட்டு வெளியே வந்து சாப்பிட முடியாமல் நின்றேன். அவனோடு பேச மாட்டேன் என்று அவன் சொல்லவே இல்லை. அவனைத் திட்ட மாட்டேன் என்றான். அப்படியென்றால் திட்டுவதற்கு ஏதோ இருந்தது.

மதியம் முழுவதும் பழைய ஆட்டங்களின் வீடியோ. அந்த ஓரப் பந்துக்கு ஒரு விதி உண்டு, எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: ரிசீவரை மறிக்க நிற்கிற எதிரணிக் காவலாளி பின்னால் தள்ளி நின்றால் ரிசீவர் சட்டென்று நின்று திரும்ப வேண்டும், நெருங்கி நின்றால் தாண்டி ஓட வேண்டும். குவார்ட்டர்பேக் அவன் நிற்பதற்கு முன்பே, நிற்கப் போகிற இடத்துக்கு எறிந்துவிடுவான். காத்திருந்தால் நேரம் போய்விடும். நம்பி எறிய வேண்டும்.

காவலாளி தள்ளி நிற்கிறான். யனுஷன் ஓடிக்கொண்டே இருக்கிறான். பந்து சரியான இடத்துக்கு வருகிறது, அங்கே நம் ஆள் இல்லை. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும். தர்சிகன் நெஞ்சைத் தட்டுகிறான். என் அட்டவணையில் காவலாளி எங்கே நின்றான் என்பதற்குப் பத்தியே இல்லை. என் அம்மா அன்றைக்கே ஒரே கேள்வியில் இதைக் கேட்டுவிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

கத்தரினிடம் வீடியோவைக் காட்டினேன். தமிழ், இரண்டு நாடு, ஒரு சொல், இரண்டு அர்த்தம் எல்லாம் சொன்னேன். பாதியில் கை காட்டி நிறுத்தினார்.

"எண்களை நான் பார்க்கவே இல்லை, கௌசிக். அவை எதையும் பிரிக்கவில்லை என்று நீயே எழுதியிருந்தாய், அது நியாயமாக இருந்தது. கடைசி வரிக்காகத்தான் அவனை நீக்கினேன். பேசிக்கொள்ளாத இரண்டு பேரை வைத்து நான் ஆட்டம் நடத்த முடியாது."

எண்களின் எல்லையை நன்றாகத் தெரிந்தவன், அதற்கு அப்பால் காது வைத்துக் கேட்டவன், நான். அந்தக் காதுதான் கவிழ்த்தது.

"சரி" என்றார் கத்தரின். "தர்சிகன் வரட்டும். கடைசி ஆட்டம் ஆறாம் தேதி, ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. யனுஷனை உட்கார வைக்கிறேன்."

நல்ல முடிவு என்று அப்போது நினைத்தேன்.

ஜூன் 28, சனி

லூயிஷாம் சந்தையைத் தாண்டி அவர்கள் வீடு. தர்சிகனின் அம்மா கதவைத் திறந்தார். "கணக்கெழுதுற தம்பியோ? உள்ளுக்கு வாங்கோ. மெலிஞ்சுபோய் நிக்கிறியள். சாப்பிட்டனீங்களோ?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

தர்சிகனிடம் நடந்ததை நேராகச் சொன்னேன். கடைசி வரி, கோயில், பாயசம். முதலில் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு சிரித்தான், அடக்க முடியாமல். "உங்கட படம் பாத்துப் பாத்து உங்கட தமிழ் எங்களுக்கு விளங்கும் அண்ணை. எங்கட தமிழ்தான் உங்களுக்கு விளங்காது."

"ஆமா. இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. கோச்கிட்ட வீடியோவைக் காட்டிட்டேன். தப்பு உன்னுது இல்ல, யனுஷனுதுன்னு சொல்லிட்டேன். நீ திரும்ப வரலாம்."

சிரிப்பு நின்றது.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"உண்மைதானே?"

"உண்மை எண்டு எனக்குத் தெரியாதோ? சீசன் முழுக்க நான் என்னத்துக்கு நெஞ்சில தட்டினனான், நோகுது எண்டோ?" குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அவன் பயந்த பெடியன். எல்லாருக்கும் முன்னால அவன்ர பிழை எண்டா அடுத்த பந்து அவன்ர கையில நிக்காது. அவனை இருத்தினா நான் வரேல்லை. போய்ச் சொல்லுங்கோ."

"தர்சிகன் —"

"போங்கோ அண்ணை."

அவன் அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்: "தம்பிக்குத் தேத்தண்ணி போடட்டோ?" வேண்டாம் என்று சொல்லக்கூட நிற்கவில்லை. ரயிலில் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். என்னடா செய்து வச்சிருக்கே. ஒரு தப்பைச் சரி பண்ணப் போய் இன்னொண்ணு. வாயை மூடிட்டு எண்ணை மட்டும் தட்டிட்டு இருந்திருக்கலாம்ல?

ஜூன் 29, ஞாயிறு

கத்தரினுக்குப் போன் செய்து, தர்சிகன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கேட்டார்: "வீடியோவை வேறு யாருக்காவது காட்டினாயா?"

"இல்லை."

"காட்டாதே. நானும் பார்க்கவில்லை."

ஜூலை 6, ஞாயிறு

டிராமில் போனேன். மைதானத்தில் தர்சிகன் இருந்தான். யனுஷனும். தர்சிகன் என் பக்கம் பார்க்கவில்லை.

முதல் பாதி. வலது ஓரம். காவலாளி தள்ளி நின்றான். எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. நில்லுடா, நில்லு. ஓடினான். இன்டர்செப்ஷன். தர்சிகன் நெஞ்சைத் தட்டினான். நான் தர்சிகன் பெயருக்கு நேரே ஒன்று எழுதினேன். அவன் எங்கே எழுதச் சொல்கிறானோ அங்கேதான்.

கடைசி நிமிடங்கள். அதே ஓரம், அதே பந்து. யனுஷன் நின்றான். திரும்பினான். பந்து ஏற்கெனவே அங்கே வந்துகொண்டிருந்தது. பிடித்துக்கொண்டு கோல் வரை ஓடினான். குடையை விட்டுவிட்டேன் போலிருக்கிறது, லேப்டாப் நனைந்துவிட்டது.

14–13. ஒரு புள்ளியில் தோற்றோம். சீசன் முடிந்தது. தர்சிகனின் ரேட்டிங், ஜெர்மெயின் அன்று வாங்கியதில் பாதிகூட இல்லை.

டிராம் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஹாரன். திரும்பவில்லை. மறுபடி ஹாரன். கண்ணாடி இறங்கியது.

"ஏறுங்கோ."

ஏறியதும் ஆரம்பித்தான். மழைக்குள்ள டிராமுக்கு நடக்கிறியளே, உங்களுக்கு என்ன விசரோ? ஒருத்தரைப் பற்றி எழுதுறதுக்கு முதல் அவனை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதோ? படிச்சனீங்கள்தானே? அம்மா தேத்தண்ணி போட்டு வைச்சிட்டு வந்து பாத்தா ஆளைக் காணேல்லை, அது என்ன பழக்கம்? குரோய்டனில் தொடங்கியவன் நார்பெரி தாண்டியும் நிறுத்தவில்லை.

பின்சீட்டிலிருந்து யனுஷன் எட்டிப் பார்த்தான். "அண்ணை, இவன் ஒருத்தரையும் பேசுறேல்லை. உங்களைத்தான் இப்பிடிப் பேசுறான்."

"அவனை மட்டும் பேச மாட்டே. என்னை மட்டும் ஏன்?" என்று கேட்டேன்.

தர்சிகன் சிக்னலைப் பார்த்தபடி சொன்னான்: "நீங்கள் பந்து பிடிக்கத் தேவையில்லையே."

ஜூலை 8, செவ்வாய்

லேப்டாப் உயிரோடு இருக்கிறது. அடுத்த வருடத்துக்காக அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்தேன்: 'யார் பிழை'. பிறகு அழித்துவிட்டேன். யாரைக் கேட்டு நிரப்புவது? தர்சிகனைக் கேட்டால் தன் பெயரைச் சொல்வான்.

அலுவலகத்தில் இன்று ஒருவரும் என்னோடு பேசவில்லை. நானும்தான்.

ஜூலை 10, வியாழன்

தர்சிகனின் மெசேஜ்: ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு அம்மா உங்களை வரட்டாம். வராட்டிப் பேசுவாவாம்.

"ஓம், வாறன்" என்று போட்டேன். சரியா என்று தெரியவில்லை. பிழை இருந்தால் பேசட்டும்.